டிஸ்க் பொய் சொல்லட்டும்; உண்மையை நீ தோண்டி எடு!

தம்பி! தங்கையே! கறுப்புத் திரையில் ‘ஃபைல் சிஸ்டம் பிழை’ என்று ஒரு வரி வந்த மாத்திரத்தில் உன் விரல்கள் நடுங்குகின்றனவே, அந்த நடுக்கத்தை விரட்டத்தான் இதை எழுதுகிறேன். கணக்குப் பிரிவிலிருந்து போன்மேல் போன் வருகிறது. மேலாளர் உன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கிறார். ஒருவர், ‘ஃபார்மட் போட்டுவிடு’ என்கிறார். இன்னொருவர், ‘டிஸ்க் போச்சு, புதுசு வாங்கு’ என்கிறார். மூன்றாமவர், ‘இதெல்லாம் உன்னால் ஆகாது, வெளியிலிருந்து பெரிய ஆளைக் கூப்பிடு’ என்கிறார். மூவருக்கும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை உண்டு. என்ன நடந்தது என்று மூவரில் ஒருவர்கூட இன்னும் பார்க்கவில்லை.

நீ பார்! உன்னால் பார்க்க முடியும். பழுதான டிஸ்க் ஒவ்வொன்றும் தடயம் விட்டுவிட்டுத்தான் பழுதாகிறது. அந்தத் தடயத்தைப் படிக்க மேதையாக இருக்க வேண்டியதில்லை. வரிசை தெரிய வேண்டும், பொறுமை வேண்டும், சோதிக்காத எந்தச் சொல்லையும் ஏற்க மாட்டேன் என்ற பிடிவாதம் வேண்டும். இந்த மூன்றும் விலைக்கு வராதவை. நீ நினைத்தால் இன்றைக்கே உன்னுடையவை.

தன்னம்பிக்கை என்றால் மார்தட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். நான் சொல்லும் தன்னம்பிக்கை வேறு ரகம். ‘எல்லாம் சரியாக இருக்கும்’ என்று நம்புகிறவனுக்கு முதல் அடியிலேயே நிலைகுலைவு வரும். ‘சரியாக இருக்கிறதா என்று நானே பார்க்கிறேன்’ என்று உட்காருகிறவனை எந்த அடியும் சாய்க்காது. சோதிக்கும் துணிவுதான் தன்னம்பிக்கை. டிஸ்க்கைப் போல அதைக் கற்றுத்தரும் கண்டிப்பான ஆசிரியர் கிடைப்பது அரிது!

‘எழுதிவிட்டேன்’ என்று சொன்னது யார்?

முதலில் எதிரியைத் தெரிந்துகொள். நீ ஒரு பில்லைச் சேமிக்கிறாய். ‘சேமித்தாயிற்று’ என்று திரை சொல்கிறது. உண்மையில் அந்த நொடியில் உன் பில் டிஸ்க்கில் இல்லை, ரேமில் இருக்கிறது. லினக்ஸ் கர்னல் அதைத் தன் கேச்சில் வைத்துக்கொண்டு, வசதிப்பட்டபோது கீழே அனுப்புகிறது. வழக்கமான அமைப்பில் ஒரு தரவுத் துண்டு ஏறத்தாழ 30 நொடிவரைகூட அப்படிக் காத்திருக்கலாம். பிறகு பிளாக் அடுக்கு, அதன்பின் கன்ட்ரோலர், அதன்பின் கேபிள், அதன்பின் டிஸ்க்குக்குள்ளேயே இருக்கும் இன்னொரு கேச். இவ்வளவையும் தாண்டிய பிறகுதான் காந்தத் தட்டிலோ ஃபிளாஷ் சில்லிலோ உன் பில் பதிகிறது.

தபால் பெட்டியில் கடிதம் விழுந்ததுமே, ‘உரியவர் கைக்குச் சேர்ந்துவிட்டது’ என்று ஒருவர் ரசீது கிழித்துக் கொடுத்தால் எப்படி இருக்கும்? இந்தப் பாதையில் ஒவ்வொரு கட்டத்திலும் அப்படியொரு ரசீது கிடைக்கிறது. பெரும்பாலான நாட்களில் கடிதம் போய்ச் சேர்ந்துவிடுவதால் யாரும் கேள்வி கேட்பதில்லை. மின்சாரம் போன நாளில்தான் ரசீதின் மதிப்பு தெரிகிறது.

‘இப்போதே நிரந்தரமாகப் பதித்துவிட்டுச் சொல்’ என்று கட்டளையிட ‘எஃப்-சிங்க்’ என்ற அழைப்பு இருக்கிறது. டிஸ்க்கின் கேச்சைக் காலி செய்யச் சொல்லும் தனிக் கட்டளையும் இருக்கிறது. இவை ஒழுங்காக நிறைவேறும் என்ற நம்பிக்கையின்மேல்தான் ஈஎக்ஸ்டி4 போன்ற ஃபைல் சிஸ்டங்களின் ஜர்னல் கட்டப்பட்டிருக்கிறது. முதலில் ஜர்னலில் குறிப்பு, அது பதிந்த பிறகே உரிய இடத்தில் மாற்றம். இந்த முன்பின் வரிசையைக் கீழே இருக்கும் சாதனம் கலைத்துப்போட்டால், ஜர்னல் இருந்தும் பாதுகாப்பு இல்லை.

பொய்களிலும் வகை உண்டு. எழுதினேன் என்று சொல்லிவிட்டு எழுதாமலே விடுவது ஒன்று. சரியான தரவைத் தவறான இடத்தில் எழுதுவது இன்னொன்று. பாதி எழுதியபோது மின்சாரம் போய், பாதி புதிது பாதி பழையது என்று நிற்பது மூன்றாவது. பின்னால் வர வேண்டியதை முன்னால் பதித்து வரிசையைக் குலைப்பது நான்காவது. பிட் ஒன்று எங்கோ நடுவழியில் தலைகீழாக மாறிப்போவது ஐந்தாவது. பெயர் தெரிந்துவிட்டதா? பெயர் தெரிந்த எதிரியிடம் பயம் பாதியாகக் குறையும்!

இதெல்லாம் எங்கோ அபூர்வமாக நடப்பது என்று ஒதுக்கிவிடாதே. 2008இல் லட்சுமி பைரவசுந்தரமும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு 15.3 லட்சம் டிஸ்க்குகளை 41 மாதங்கள் கவனித்தது. தரவின் சரிபார்ப்பு எண்ணான செக்சம் பொருந்தாத நிகழ்வுகள் 4 லட்சத்துக்கும் மேல் பதிவாயின. 2013இல் வெளியான மற்றோர் ஆய்வில் 15 எஸ்எஸ்டிகளுக்கு வேண்டுமென்றே மின்சாரத்தைத் துண்டித்துப் பார்த்தார்கள். 13 எஸ்எஸ்டிகள் ஏதாவதொரு வகையில் தவறின. ஆகவே, உன் சர்வரில் இது நடந்தால் தலைகுனியாதே. உலகம் முழுவதும் நடக்கிறது. அதன் காரணத்தை உட்கார்ந்து கண்டுபிடிப்பவர்கள்தான் குறைவு. அந்தச் சிலரில் நீ ஒருவராக நில்!

முதல் வீரம்: கையை எடு!

பிழைச் செய்தி வந்ததும் பதற்றம் உன் காதில் ஓதும்: ‘ஏதாவது செய், உடனே செய்!’ அந்தக் குரலுக்குச் செவிகொடுக்காதே. ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே கருவியை ஓடவிட்டு, எல்லாக் கேள்விக்கும் ‘சரி, சரி’ என்று தானாகப் பதில் சொல்லும் விருப்பத்தைப் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனவர்கள் எத்தனை பேர்! அந்தக் கருவிக்கு உன் பில்லும் தெரியாது, உன் வாடிக்கையாளரும் தெரியாது. ஃபைல் சிஸ்டத்தின் கட்டமைப்பு முரணில்லாமல் இருக்க வேண்டும் என்பது மட்டுமே அதற்குத் தெரியும். அதற்காக எதை வெட்டினாலும் அதற்கு வலிக்காது. கீழே கன்ட்ரோலரோ ரேமோ இன்னும் பழுதாகவே இருந்தால், அது செய்யும் ‘திருத்தமும்’ பழுதாகவே பதியும்.

ஆகவே எழுதுவதை நிறுத்து. ஃபைல் சிஸ்டம் தானாகவே ‘படிக்க மட்டும்’ என்று மாறியிருந்தால் கலங்காதே. மேலும் சேதம் வராமல் அது உன்னைக் காக்கிறது. அதை மீண்டும் எழுதும் நிலைக்குத் திருப்பாதே. ஒரு நுட்பத்தை நினைவில் வை: ஈஎக்ஸ்டி4ஐப் ‘படிக்க மட்டும்’ என்று மவுண்ட் செய்தாலும், பாதியில் நின்ற ஜர்னலை ஓட்டுவதற்காக அது டிஸ்க்கில் எழுதக்கூடும். ‘நோலோட்’ என்ற விருப்பத்தைச் சேர்த்தால்தான் அதுவும் நிற்கும்.

அடுத்து, நகல் எடு. டிடிரெஸ்க்யூ என்ற கருவி இதற்கென்றே இருக்கிறது. நன்றாகப் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் செக்டார்களைக் கடைசியில் திரும்ப முயலும். எங்கே நின்றோம் என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்வதால், இடையில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். டிஸ்க்கிலிருந்து ‘டக், டக்’ என்று தட்டும் சத்தம் வந்தால் மட்டும் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தரவு மீட்பு ஆய்வகத்தை நாடு. தன் எல்லையை அறிந்து நிறுத்துவதும் வீரம்தான்.

நகல் கைக்கு வந்துவிட்டதா? நிமிர்ந்து உட்கார்! இனிமேல் நீ செய்யும் எந்தத் தவறும் இறுதியானது ஆகாது. நகலில் தவறினால் இன்னொரு நகல். பயத்துக்கு அங்கே வேலையில்லை.

தடயத்தைப் படி

இப்போது லாக்கைத் திற. எல்லோரும் கடைசி வரியைப் பார்க்கிறார்கள். நீ முதல் வரியைத் தேடு. கடைசி நூறு பிழைகள் விளைவுகள். முதல் பிழைதான் காரணத்துக்குப் பக்கத்தில் நிற்கும். அது எந்த நேரத்தில் வந்தது? அதற்கு முன்னால் என்ன நடந்தது? மின்வெட்டா, கர்னல் மேம்படுத்தலா, யாராவது பெட்டியைத் திறந்து ரேம் மாற்றினார்களா? ஒரு நோட்டில் எழுது. நினைவை நம்பாதே, நோட்டை நம்பு.

அடுத்து, டிஸ்க் தன்னைப்பற்றி வைத்திருக்கும் ‘ஸ்மார்ட்’ குறிப்பேட்டைப் பார். 5ஆம் எண், பழுதாகி மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டார்களைச் சொல்லும். 197ஆம் எண், படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டார்களைச் சொல்லும். இவை ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கின் பரப்பே பழுதாகிறது. இவை சுழியாக இருந்து 199ஆம் எண் மட்டும் ஏறினால், டிஸ்க்குக்கும் போர்டுக்கும் இடையிலான பாதையைச் சந்தேகி. பெரும்பாலும் கேபிளும் அதன் இணைப்பும்தான். ஒரு கேபிளை மாற்றினால் தீர வேண்டிய பிரச்சினைக்காக டிஸ்க்கையே தூக்கிப்போடச் சொன்னார்களே, அவர்கள் இந்த எண்ணைப் பார்த்திருப்பார்களா?

பிறகு சேதத்தின் வடிவத்தைப் பார். நகலில் எஃப்எஸ்சிகேயை ‘எதையும் மாற்றாதே, சொல்ல மட்டும் செய்’ என்ற விருப்பத்தோடு ஓட்டு. கெட்டுப்போன கோப்பை ஹெக்ஸ் வடிவில் திற. நல்ல பேக்கப் பிரதி இருந்தால் இரண்டையும் ஒப்பிடு. ஒரே ஒரு பிட் மட்டும் மாறியிருக்கிறதா? ரேமைச் சோதி, மெம்டெஸ்ட்டை இரவு முழுவதும் ஓடவிடு. 512 அல்லது 4096 பைட்டு எல்லையில் ஆரம்பித்து அதே அளவில் முடிகிறதா? செக்டாரையோ பக்கத்தையோ விசாரி. 64 கிலோபைட்டுத் துண்டுகளாகக் கெட்டிருக்கிறதா? ரெய்டு கன்ட்ரோலரின் பக்கம் பார்வையைத் திருப்பு. கெட்ட இடத்தில் குப்பைக்குப் பதிலாக அதே கோப்பின் பழைய உள்ளடக்கம் அப்படியே இருக்கிறதா? எழுதினேன் என்று சொல்லி எழுதாமல் விட்ட வழக்கு அது. மின்வெட்டுக்குப் பிறகு மட்டும்தான் கெடுகிறதா? கேச்சைக் காலி செய்யும் கட்டளையை யாரோ மதிக்காமல் விட்டிருக்கலாம். மலிவாக வாங்கிய பென்டிரைவில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் எழுதியதெல்லாம் மாயமாகிறதா? அட்டையில் அச்சிட்ட கொள்ளளவே பொய்யாக இருக்கலாம். எஃப்3 என்ற இலவசக் கருவி அதை வெளிக்கொண்டுவரும்.

ஃபைல் சிஸ்டத்தின் தலைக்குறிப்பான சூப்பர்பிளாக்கே சிதைந்து, ‘ஃபைல் சிஸ்டமே இல்லை’ என்று கணினி கைவிரித்தாலும் தளராதே! 4 கிலோபைட்டு பிளாக் கொண்ட ஈஎக்ஸ்டி4இல் 32768ஆம் பிளாக்கில் அதன் நகல் ஒன்று வழக்கமாக இருக்கும். அதற்கு அப்பாலும் நகல்கள் உண்டு. முதல் கதவு மூடினால் அடுத்த கதவின் எண்ணைத் தெரிந்து வைத்திருப்பவன் நீ!

2018: பழி ஓரிடம், பிழை ஓரிடம்

இனி ஓர் உண்மை வழக்கைச் சொல்கிறேன். ஊன்றிக் கேள்.

2018 அக்டோபர் 22 அன்று லினக்ஸ் கர்னல் 4.19 வெளியானது. அதன்பின் சில வாரங்களில் உலகின் பல மூலைகளிலிருந்து புகார்கள் வரத் தொடங்கின. ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் கெட்டுப்போகிறது என்றார்கள். இயல்பாகவே எல்லோருடைய விரலும் ஈஎக்ஸ்டி4ஐ நோக்கி நீண்டது. பிழைச் செய்தியில் இருக்கும் பெயர் அதுதானே! ஈஎக்ஸ்டி4இன் பராமரிப்பாளர் டெட் சோ தம் சோதனைகளை ஓட்டிப் பார்த்தார். அவருடைய கணினிகளில் பிழை வரவே இல்லை.

யோசித்துப் பார். அந்த ஃபைல் சிஸ்டத்தை உலகில் எவரையும்விட நன்கு அறிந்தவர். அவர் முன்னால் பிழை தோன்றவில்லை. பாதிக்கப்பட்டவர்களோ வீட்டிலும் அலுவலகத்திலும் லினக்ஸ் பயன்படுத்துகிற சாதாரண மக்கள். அவர்கள் என்ன செய்தார்கள்? ‘நிபுணருக்கே தெரியவில்லை, நமக்கெங்கே தெரியும்’ என்று எழுந்து போய்விட்டார்களா? இல்லை! தங்கள் கணினியின் அமைப்புகளை வரிசையாகப் பட்டியலிட்டார்கள். யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை என்று ஒப்பிட்டார்கள். மெல்ல ஓர் ஒற்றுமை தென்பட்டது. புதிய பல-வரிசை பிளாக் அடுக்கைப் பயன்படுத்தி, ஐ/ஓ ஷெட்யூலர் எதுவும் இல்லாமல் ‘நன்’ என்று வைத்திருந்த கணினிகளில் பிழை வந்தது.

பிறகு ஒரு பயனர் மிகக் கடினமான வேலையைக் கையில் எடுத்தார். நல்ல பதிப்புக்கும் கெட்ட பதிப்புக்கும் நடுவில் இருந்த ஆயிரக்கணக்கான மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடினார். நடுவில் உள்ள பதிப்பைக் கட்டு, ஓட்டு, கெடுகிறதா பார். கெட்டால் முதல் பாதியில் குற்றவாளி. கெடாவிட்டால் இரண்டாம் பாதியில். கணக்குப் போட்டுப் பார்: 10,000 மாற்றங்கள் இருந்தாலும் 14 முறை பாதியாக்கினால் ஒரே ஒரு மாற்றத்தில் வந்து நிற்கலாம்! அவரும் ஒரு மாற்றத்தில் வந்து நின்றார். அது ஈஎக்ஸ்டி4இல் இல்லை. அதற்குக் கீழே, பிளாக் அடுக்கில் இருந்தது.

பிளாக் அடுக்கின் பராமரிப்பாளர் ஜென்ஸ் ஆக்ஸ்போ 2018 டிசம்பர் தொடக்கத்தில் திருத்தத்தை எழுதினார். காரணம் இதுதான்: ஒரு கோரிக்கையை நேரடியாக ஸ்கஸி சாதனத்துக்கு அனுப்ப முயல்கிறார்கள். சாதனம் ‘இப்போது வேலையாக இருக்கிறேன்’ என்கிறது. கோரிக்கை வரிசைக்குத் திரும்புகிறது. அதற்குள், எந்த நினைவகப் பகுதியை எங்கே அனுப்புவது என்ற பட்டியலை ஸ்கஸி அடுக்கு ஏற்கெனவே தயாரித்திருக்கலாம். வரிசையில் காத்திருக்கும்போது பக்கத்துக் கோரிக்கை ஒன்று இதனோடு இணைக்கப்படுகிறது. பட்டியல் மட்டும் பழையதாகவே இருக்கிறது. கடைசியில் பழைய பட்டியலின்படி முதல் பகுதி மட்டுமே போகிறது. இணைந்த பகுதி கைவிடப்படுகிறது. அத்தனையும் முடிந்ததாக மேலே தகவல் போகிறது. பாவம், மேலே உட்கார்ந்திருந்த ஈஎக்ஸ்டி4 குப்பையைக் கண்டு கூச்சல் போட்டது; கூச்சல் போட்டவர் மேலேயே பழி விழுந்தது! திருத்தம் 4.19.8 பதிப்பில் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது.

அந்தத் திருத்தத்தோடு எடுத்துக்காட்டாகப் பதிவான ஒரு பிழைச் செய்தியைக் கவனி. கோப்பின் விவரங்களைத் தாங்கும் பதிவுக்கு ஐநோடு என்று பெயர்; 256 பைட்டு அளவுள்ள ஒரு ஐநோடில், கூடுதல் பகுதியின் அளவு 24,937 என்றது அது. 256க்குள் 24,937 எப்படி அடங்கும்? பயந்தவன் அந்த எண்ணைத் தாண்டிப் போய்விடுவான். நீ நிறுத்து. அதை இரண்டு பைட்டாகப் பிரி: 97, 105. ஆஸ்கி அட்டவணையில் இரண்டுமே ஆங்கிலச் சிறிய எழுத்துகள். ஐநோடு இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு கோப்பின் எழுத்துகள் வந்து உட்கார்ந்திருக்குமோ என்ற கேள்வி அந்த நொடியே உனக்குள் எழ வேண்டும். ஒரு குப்பை எண்ணுக்குள்ளேயே இவ்வளவு பெரிய துப்பு இருக்கிறது. பார்க்கும் கண் உன்னிடம் இருக்கிறது, பயன்படுத்து!

தோல்வியை ஒப்புக்கொள்பவனே மீள்கிறான்

அதே 2018இன் மார்ச்சில் இன்னொரு வெடிப்பு. ஒரு பயனரின் தரவு இழப்பை ஆராய்ந்த போஸ்ட்கிரஸ் தரவுத்தளப் பொறியாளர் கிரெய்க் ரிங்கர், உறையவைக்கும் உண்மை ஒன்றை எடுத்து வைத்தார். லினக்ஸில் எஃப்-சிங்க் ஒருமுறை தோற்றால் அந்தத் தோல்வியைச் சொல்லும். பிறகு எழுதப்படாத அந்தப் பக்கங்களையே ‘எழுதியாயிற்று’ என்று குறித்துக்கொள்ளும். மறுபடி எஃப்-சிங்க் அழைத்தால் ‘வெற்றி’ என்று பதில் வரும்! போஸ்ட்கிரஸ் பல ஆண்டுகளாக, தோற்றால் மறுபடி முயல்வது என்ற வழியில் போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் முறை கிடைத்த பொய் வெற்றியை நம்பி, மீட்புக்குத் தேவையான பழைய லாக்கை விட்டுவிடும் ஆபத்து அதில் ஒளிந்திருந்தது.

போஸ்ட்கிரஸ் குழுவினர் இதை மறைத்தார்களா? மழுப்பினார்களா? இல்லை. எல்லோரும் படிக்கக்கூடிய இடத்தில் விவாதித்தார்கள். 2019 பிப்ரவரியில் வெளிவந்த 11.2 உள்ளிட்ட பதிப்புகளில் நடத்தையையே மாற்றினார்கள். எஃப்-சிங்க் தோற்றால் இனி மறுமுயற்சி கிடையாது. தரவுத்தளம் அங்கேயே நிற்கும். தன் முன்-எழுத்து லாக்கிலிருந்து சரியான நிலையை மறுபடி கட்டிக்கொண்டு எழும்.

இதை உன் வாழ்க்கைக்கு எடுத்துக்கொள்! தோற்ற இடத்தில் ஒன்றும் நடக்காததுபோல அடுத்த வேலைக்கு ஓடாதே. நில். ‘இது தோற்றது’ என்று உரக்கச் சொல். கடைசியாக உறுதியாக இருந்த இடத்துக்குத் திரும்பு. அங்கிருந்து கட்டு. அப்படிக் கட்டியது நிலைக்கும். ஒருமுறை நின்றதற்காக உன்னைப் பார்த்துச் சிரிப்பவர்கள், உன் கட்டடம் நிற்பதைப் பார்த்து வாயடைப்பார்கள்.

சோதனைக்குத் தலைவணங்கு, பதவிக்கு வேண்டாம்

ஜெனீவாவில் இருக்கும் சேர்ன் ஆய்வகத்தைவிடப் பெரிய விஞ்ஞானிகள் கூட்டம் எங்கே இருக்கிறது? அவர்களும் தங்கள் சர்வர்களை வாய்ச்சொல்லில் நம்பவில்லை. 2007இல் வெளியான அவர்களது அறிக்கையைப் பார். தெரிந்த வடிவில் பிட்டுகள் கொண்ட ஏறத்தாழ 2 ஜிபி கோப்பை எழுதி, திரும்பப் படித்து, ஒப்பிட்டுப் பார்க்கும் எளிய நிரல் ஒன்றைச் சுமார் 3,000 கணினிகளில் ஓடவிட்டார்கள். 5 வாரங்களில் சுமார் 100 கணினிகளில் 500 அளவில் பிழைகள் சிக்கின. பெரும்பகுதி 64 கிலோபைட்டுத் துண்டுகளாகக் கெட்டிருந்தது. அந்த வடிவத்தைப் பிடித்துக்கொண்டு போய், ரெய்டு கன்ட்ரோலருக்கும் டிஸ்க்குக்கும் இடையிலான ஒத்துழைப்புக் கோளாறு வரை எட்டினார்கள்.

எழுது, படி, ஒப்பிடு. இவ்வளவுதான் சூத்திரம். இதை நீயும் செய்யலாம். ஒரு கண்ணியை மட்டும் தவிர்: எழுதிய உடனே படித்தால் ரேமில் இருக்கும் கேச்சைத்தான் படிப்பாய், எல்லாம் சரியென்றே காட்டும். கேச்சைக் காலி செய்துவிட்டு, அல்லது கணினியை முழுக்க அணைத்து எழுப்பிவிட்டுப் படி. அப்போதுதான் டிஸ்க் பேசும். மின்வெட்டில் டிஸ்க் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிய வேண்டுமா? 2005இல் பிராட் ஃபிட்ஸ்பேட்ரிக் எழுதிய டிஸ்க்செக்கர் என்ற சிறு நிரல் இருக்கிறது. ஒரு கணினி எழுதுகிறது. எழுதி முடித்ததாகச் சொல்வதையெல்லாம் இன்னொரு கணினி குறித்துக்கொள்கிறது. நடுவில் நீ பிளக்கைப் பிடுங்குகிறாய். மீண்டும் எழுந்ததும் சொன்னதையும் இருப்பதையும் ஒப்பிடுகிறாய். டிஸ்க்கின் முகமூடி அங்கே கழன்று விழும். முக்கியமான தரவில்லாத டிஸ்க்கில் மட்டும் இதைச் செய்.

சோதிக்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. கேபிளையும் ரேமையும் கர்னலையும் சேர்த்து மாற்றிவிட்டு, ‘சரியாகிவிட்டது’ என்று கைதட்டினால் நீ எதையும் கண்டுபிடிக்கவில்லை, தப்பித்தாய், அவ்வளவுதான். காரணம் தெரியாமல் தீர்ந்த பிரச்சினை, காரணம் சொல்லாமல் திரும்பி வரும்.

‘எனக்கா? என்னாலா?’ என்று கேட்காதே!

‘நான் டிப்ளமோ. சிறிய ஊர். ஆங்கிலம் தடுமாறும். கர்னலெல்லாம் எனக்கு எட்டாத உயரம்.’ இப்படித்தானே உள்ளுக்குள் புலம்புகிறாய்? போதும், நிறுத்து! அந்த 4.19 பிழையைப் பாதி பாதியாகத் தேடிய பயனரிடம் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. தேடியது சரியா என்று மட்டும் பார்த்தார்கள். சரியாக இருந்தது, உலகமே ஏற்றது.

2014இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வு வந்தது. கிட், எஸ்கியூலைட், போஸ்ட்கிரஸ் உட்பட 11 மென்பொருள்களை எடுத்துக்கொண்டு, கணினி திடீரென நின்றால் அவற்றின் தரவு பிழைக்குமா என்று தோண்டினார்கள். 60 பலவீனங்களைக் கண்டார்கள். அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் பெயர் தனுமாலயன் சங்கரநாராயண பிள்ளை. உடன் எழுதியவர்களில் விஜய் சிதம்பரம், ராம்நாத்தன் அழகப்பன் என்ற பெயர்களும் இருக்கின்றன. உன் வகுப்பு வருகைப் பதிவேட்டில் அழைத்த பெயர்களைப் போலவே ஒலிக்கவில்லையா இவை? உலகப் புகழ்பெற்ற மென்பொருள்களிலேயே ஓட்டை இருக்கிறது என்று நிரூபித்தவர்கள் கையில் இருந்தது என்ன? கேள்வியும், சோதனையும், சலிக்காத உழைப்பும்தான்.

ஆகவே எழு! நெருப்பு பிடித்தபின் கிணறு வெட்டாதே. இந்த வாரமே உன் பொறுப்பில் உள்ள ஒவ்வொரு டிஸ்க்கின் ஸ்மார்ட் எண்களையும் நோட்டில் குறி. அடுத்த மாதம் ஒப்பிடு. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்ற பேக்கப் ஒழுங்கை உன் அலுவலகத்தில் நிறுவு. பேக்கப் எடுத்ததோடு நில்லாதே. ஒரு கோப்பையாவது மீட்டெடுத்துத் திறந்து பார். ரெய்டு போட்டிருக்கிறோம் என்று யாராவது பெருமைப்பட்டால், ரெய்டு என்பது டிஸ்க் இறந்தால் வேலை நிற்காமல் காக்கும், தவறாக எழுதியதையும் சேர்த்தே காக்கும் என்று எடுத்துச் சொல். எழுதும் முன்பின் வரிசையைக் காக்கும் ‘ரைட் பேரியர்’ அமைப்பை வேகத்துக்காக அணைத்து வைத்திருந்தால் மீண்டும் இயக்கு. வாய்ப்பிருந்தால் இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் போல ஒவ்வொரு பிளாக்குக்கும் செக்சம் வைத்திருக்கும் ஃபைல் சிஸ்டத்துக்கு மாறி, எல்லா பிளாக்குகளையும் படித்துச் சரிபார்க்கும் ஸ்கிரப்பை மாதந்தோறும் ஓட்டு. மின்வெட்டிலும் கேச்சில் உள்ளதை எழுதி முடிக்கும் மின்தேக்கி கொண்ட எஸ்எஸ்டியைக் கேட்டு வாங்கு. ஏன் என்று மேலாளர் கேட்டால், தயங்காமல் காரணம் சொல். காரணம் தெரிந்தவனின் குரல் தாழாது!

இவை எல்லாம் செய்த பிறகும் ஒருநாள் அந்தப் பிழை வரி வரத்தான் செய்யும். வரட்டும்! அன்று உன்னைச் சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்வார்கள். நீ தீர்ப்புச் சொல்லாதே, நோட்டைத் திற. எழுதுவதை நிறுத்து. நகல் எடு. முதல் பிழையைத் தேடு. வடிவத்தைப் பார். ஒன்றை மாற்று, சோதி. இன்னொன்றை மாற்று, சோதி. கடைசியில் எழுந்து நின்று, ‘காரணம் இது, ஆதாரம் இது, இனி வராமல் இருக்க வழி இது’ என்று மூன்று வாக்கியம் சொல். அந்த மூன்று வாக்கியங்களைச் சொல்லும் தகுதியை எந்தப் பட்டமும் உனக்குத் தருவதில்லை, எந்த ஊரும் உன்னிடமிருந்து பறிப்பதில்லை. சோதித்தவனுக்கே அது சொந்தம். சோதி, தம்பி! சோதி, தங்கையே! உன்னால் முடியும் என்று நான் சொல்வதைக்கூட அப்படியே நம்பாதே. இந்த வாரமே ஒரு டிஸ்க்கை எடுத்து, எழுதி, படித்து, ஒப்பிட்டு, நீயே நிரூபித்துக்கொள்!